கடையை மூடினால் போதுமா?

1937 அக்டோபர் 1. சென்னை மாகாணத்தில் மதுவிலக்குச் சட்டம் முதன்முதலாக நடைமுறைக்கு வந்த நாள். அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது சேலம் மாவட்டம். இன்று தனி மாவட்டத்தில் அடங்கிய கிருஷ்ணகிரியும் ஓசூரும் அந்நாளில் சேலத்தைச் சேர்ந்தவை. சட்டத்தைக் கொண்டுவந்த இராசகோபாலாச்சாரியாரோ ஓசூரையடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். ஆகவே, மதுவிலக்கின் வரலாறு தொடங்கியது நம் மண்ணில்!

கடைகள் மூடப்பட்டன. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி பிறந்தது. 1948-இல் மாகாணம் முழுதும் மதுவிலக்குப் பரவிற்று. 1971-இல் தளர்ந்தது, 1974-இல் மீண்டது, 1981-இல் கடைகள் மறுபடியும் திறந்தன. 2003-இல் அரசு நிறுவனமே சில்லறை விற்பனையை ஏற்றது. கடையின் வரலாறு இது. குடித்தவனின் வரலாறு எங்கே?

எல்லைக்கு அப்பால் பாருங்கள். கருநாடக அரசு 2007 சூலையில் சாராயத்தைத் தடை செய்தது. மறு ஆண்டு மே மாதம், பெங்களூர், கோலார், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் கள்ளச்சாராயம் குடித்து 150-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதில் கலந்திருந்தது மெத்தனால். உடலுக்குள் பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணையும் உயிரையும் பறிக்கும் நஞ்சு. கடை மறைந்தது; வேட்கை மறையவில்லை. மாண்டவர் பெரும்பாலும் ஏழை உழைப்பாளிகள்!

ஏன் மறையவில்லை? "தலைவிதி" என்கிறது ஊர். "திருந்தாத பிறவி" என்கிறது உறவு. அம்மை நோயை அன்னையின் சீற்றம் என்று நம்பிய நாடன்றோ இது! தடுப்பூசி வந்தது, 1980-இல் உலகம் பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. குடிப் பழக்கமும் அவ்வாறே அறிவால் ஆராயத்தக்க நோய். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-லேயே அதனை நோயென ஏற்றது.

நாள்தோறும் குடிக்கும்போது மூளை மதுவுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. நேற்று இன்பம் தந்த அளவு இன்று போதாது. பின்னர் இன்பத்திற்காக அன்று, நடுக்கம் தீர்வதற்காகவே குடிக்கிறான். திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், உறக்கம் போகும். சிலருக்கு இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரும், அடுத்த நாட்களில் மனம் பிதற்றும், உயிரும் போகலாம்.

கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு அன்றே நிறுத்துகிறார் ஒருவர். மறுநாள் கை நடுங்குகிறது, வலிப்பு வருகிறது. "சாமி குத்தம்" என்கிறார்கள். குற்றம் சாமியுடையதுமன்று, அவருடையதுமன்று. அவருக்கு வேண்டியது மருத்துவமனை! அங்கே நடுக்கத்தை அடக்கும் மருந்தைச் சிறுகச் சிறுகக் குறைத்துக் கொடுப்பார்கள். தயாமின் என்னும் வைட்டமின் தருவார்கள்.

அதுவும் தொடக்கமே. மீட்சி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீளும் பாதை. ஆலோசனை வேண்டும், பழைய கூட்டத்திலிருந்து விலகல் வேண்டும், வேலை வேண்டும். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் அழிந்த இருவர் ஒருவரையொருவர் தாங்கி நிற்கத் தொடங்கினர். அத்தகைய கூட்டங்கள் இன்று உலகெங்கும் நடக்கின்றன. சென்னையில் 1980-இல் டி.டி. இரங்கநாதன் அறக்கட்டளை சிகிச்சை தொடங்கிற்று. பெங்களூர் நிமான்ஸ் மருத்துவமனையோ ஓசூருக்கு அண்மையிலேயே இருக்கிறது.

மீண்டவர் இடையில் மறுபடியும் குடித்துவிடலாம். நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் அவரை இழிபிறவி என்கிறோமா? மருந்தை மாற்றிப் பார்க்கிறோம். இங்கும் அதுவே முறை.

கடையை மூடுக என்று கேட்போம். அது நம் உரிமை. அதனோடு, ஒவ்வொரு வட்டத்து மருத்துவமனையிலும் குடிநோய்க்குப் படுக்கை எங்கே என்றும் கேட்போம். நம் வகுப்பறையில் கண் கலங்கி அமரும் சிறுவனுக்குத் தேவை, தந்தையை ஏசும் ஊர் அன்று; அவரைக் கைபிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் ஒரு தோழன். அத்தோழராக நாம் இருப்போம்!