புரிந்ததா என்று கேட்ட சட்டம்: கடல்கடந்து வேலைக்குப் போனவர்களும் அரசு அறிவிப்புகளும்

கூலிவேலைக்காகக் கப்பலேறுகிறவரை அதிகாரி ஒருவர் முன் நிறுத்தவேண்டும் என்ற விதி 1837இல் பிறந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அரசின் அவ்வாண்டு ஐந்தாம் சட்டத்தின்படி, ஆளெடுக்கும் முகவரும் போகிறவரும் ஒன்றாக வந்து, வேலை, காலம், கூலி ஆகியவற்றைத் தெளிவாக எழுதிய விவரத்தைக் காட்டவேண்டும். ஐந்தாண்டுக்கு மேல் ஒப்பந்தம் கூடாது. திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் உறுதியும் அதில் இருக்கவேண்டும். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து, மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியர்கள் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. முறைகேடுகள் மலிந்ததால் 1839இல் ஏற்றுமதியே நிறுத்தப்பட்டது. 1842இல் மொரீஷியசுக்கு மீண்டும் வழி திறந்தபோது சென்னைத் துறைமுகமும் அதில் சேர்ந்தது.

இந்த விதி முழு உருப்பெற்றது 1883ஆம் ஆண்டின் 21ஆம் சட்டத்தில். பதிவு அதிகாரி, ஆளெடுப்பவரை அப்பால் நிறுத்திவிட்டு, போகிறவரைத் தனியே விசாரிக்கவேண்டும். எந்த ஊர், எத்தனை காலம், என்ன வேலை, எவ்வளவு கூலி என்பதெல்லாம் அவருக்கு விளங்கியிருக்கிறதா, வற்புறுத்தலோ ஏமாற்றோ இல்லாமல் சம்மதித்தாரா என்று பார்த்த பிறகே பதிய வேண்டும். வெளிநாடு தொடர்பான அரசின் ஆணையைச் சாதாரண மனிதருக்கு விளக்கிச் சொல்வது அதிகாரியின் சட்டக் கடமை என்று இவ்வளவு துலக்கமாக எழுதிவைத்த வேறொரு பழைய இந்தியச் சட்டம் என் வாசிப்பில் எதிர்ப்படவில்லை. சொல்வதோடு கடமை முடியவில்லை, கேட்டவருக்குப் புரிந்திருக்கவும் வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. பின்வந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் அந்த உயிர்நாடி எப்படி மெல்ல மெல்லக் கைநழுவியது என்பதைத் தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விதி இருந்தும் நடந்தது என்ன? பிஜித் தீவுக்குப் போனவர்களுக்குக் கொடுத்த ஒப்பந்தப் படிவத்தைப் பார்க்கலாம். 1879 முதல் 1916 வரை பிஜிக்குச் சென்ற 60,000க்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழ 15,000 பேர் 1903க்குப் பின் சென்னையிலிருந்து கப்பலேறியவர்கள். தமிழர், தெலுங்கர், மலையாளிகள் எல்லாரும் அதில் உண்டு. படிவத்தில் வேலைக்காலம் ஐந்தாண்டு. வாரத்தில் ஐந்து நாள் ஒன்பது மணிநேரமும் சனிக்கிழமை ஐந்து மணிநேரமும் வேலை. ஆண்களுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், அதாவது 12 அணா, பெண்களுக்கு ஒன்பது பென்ஸ். பத்தாண்டு அங்கே இருந்தால் இலவசமாகத் திரும்பிவரலாம். வரிகள் எளியவை, எண்கள் தெளிவானவை. ஊரில் கிடைக்கும் அணாக்கணக்கோடு ஒப்பிட்டால் யாருக்கும் ஆசை வரும். அங்கே அந்தக் காசுக்கு எவ்வளவு அரிசி வாங்கலாம் என்பது படிவத்தில் இல்லை. குறித்த வேலையை முடிக்கத் தவறினால் குற்றவியல் தண்டனை உண்டு, சிறைக்கும் போகநேரும் என்பதும் இல்லை.

கோபாலகிருஷ்ண கோகலே 1912 மார்ச்சில் சட்டமன்றத்தில் ஒப்பந்தக்கூலி முறையை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தபோது இந்த இடத்தைத்தான் தொட்டார். போகிறவர்கள் தங்களுக்குத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட, தங்களுக்கு ஒருபோதும் விளக்கப்படாத தனிச்சட்டம் ஒன்றுக்குக் கட்டுப்படுகிறார்கள். அற்பப் பிழைக்கும் அது குற்றத்தண்டனை விதிக்கிறது என்பது அவருடைய வாதம். தீர்மானம் தோற்றது. வாதம் தோற்கவில்லை. சி. எஃப். ஆண்ட்ரூஸும் டபிள்யூ. டபிள்யூ. பியர்சனும் 1915இல் பிஜிக்கு நேரில் போய் ஆராய்ந்து மறு ஆண்டு அறிக்கை வெளியிட்டார்கள். 1917இல் போர்க்கால ஆணையால் கப்பல்கள் நின்றன. 1920 தொடக்கத்தில் பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின. கோகலேயின் சொற்களை இன்றைய ஆய்வாளர்கள் முறையின் கொடுமைக்குச் சான்றாகவே பெரும்பாலும் எடுத்தாள்கிறார்கள். அவற்றை அறிவிப்பு மொழி பற்றிய விமர்சனமாகவும் படிக்கவேண்டும். எளிய நடையில் எழுதிய தாள், மறைக்கவேண்டியதை மறைத்துவிட்டும் எளிமையாகவே இருக்க முடியும் என்பதை இந்திய அரசியலில் முதலில் எடுத்துக்காட்டியவர்களில் அவர் ஒருவர்.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அவர்கள் இந்தக் குடிபெயர்வுச் சட்டங்களின் கட்டுக்கு வெளியே இருந்தார்கள். மன்னார்க் கடலைத் தாண்டுவது அடுத்த ஜில்லாவுக்குப் போவது போல எண்ணப்பட்டது. அரசு விளக்கவேண்டிய இடத்தில், தோட்டத்துக்கு ஆள்சேர்க்கும் கங்காணி நின்றார். அவர் சொந்த ஊர்க்காரர், பல நேரம் சொந்தக்காரர், தமிழில்தான் பேசினார். முன்பணம் கொடுத்தார். அந்தப் பணம் கடனாகக் கணக்கில் ஏறியது. தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறவேண்டுமானால் ‘துண்டு’ என்ற சீட்டு வேண்டும்: இன்ன தொகையைக் கட்டினால் இவரை விடுவிக்கிறோம் என்று தோட்டத் துரை எழுதிக்கொடுப்பது. 1921இல் இலங்கை அரசு துண்டு முறையைச் சட்டப்படி நிறுத்தும்வரை அந்தச் சிறு தாள் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ‘டின் டிக்கெட்’ இன்னொரு சான்று. தோட்டத்தின் எண் பொறித்த தகரவில்லையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தவர் எந்தத் தோட்டத்துக்குரியவர் என்று வழியிலுள்ள அதிகாரிகள் அறிவார்கள்; அணிந்தவருக்கு அதில் படிக்க எதுவும் இல்லை. சொந்த மொழியில், சொந்தக்காரர் வாயால் வந்த விளக்கமும் பொறுப்பேற்க யாரும் இல்லாதபோது கடன்கட்டாக மாறியது என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். தமிழில் சொல்லிவிட்டால் போதும் என்று எண்ணுகிறவர்களுக்குக் கங்காணி முறை பதில்.

1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் முதல்முறையாக அறிவிப்பையே மையமாக்கியது. பயிற்சியில்லாத வேலைக்கு ஆள் அனுப்புவது சட்டவிரோதம். அரசிதழில் அறிவித்து, சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஏற்றுக்கொண்ட நாடுகளுக்கு மட்டும், அறிவித்த நிபந்தனைகளின்படி அனுப்பலாம். 1923இல் இலங்கையும் மலாயாவும் அவ்வாறு அறிவிக்கப்பட்டன. நாகப்பட்டினம், ஆவடி முகாம்கள் வழியாக மலாயாவுக்கும், மண்டபம் முகாம் வழியாக இலங்கைக்கும் ஆட்கள் போனார்கள். கங்காணி தான் சேர்த்த ஆட்களைக் கிராம முன்சீப் முன் கொண்டுவந்து காட்டவேண்டும். அரசிதழ் டில்லியில் ஆங்கிலத்தில் அச்சாகும். கிராமத்தில் அதன் சாரத்தைச் சொல்ல முன்சீப் இருந்தார். குறைகள் இருக்கலாம். ஆனாலும் நாடாளும் அவையிலிருந்து ஊர்ச்சாவடிவரை ஒரு பொறுப்புச் சங்கிலி தாளில் இருந்தது.

அதே அரசிதழ் கதவை மூடவும் பயன்பட்டது. மலாயாவில் கூலி குறைக்கப்பட்டதை அடுத்து 1938 ஜூனில் அங்கு ஆள் அனுப்புவது நின்றது. இலங்கை அரசு தன் பணியிலிருந்த இந்தியத் தினக்கூலிகளை நீக்க முற்பட்டதும் 1939 ஆகஸ்ட் 1 முதல் இலங்கைக்கும் தடை வந்தது. கொழும்பை வழிக்குக் கொண்டுவரப் போட்ட தடை, கலியாணத்துக்கோ கருமாதிக்கோ ஊர் வந்திருந்த தோட்டத் தொழிலாளியையும் கடலுக்கு இப்பாலேயே நிறுத்தியது. இரு அரசுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மொழியில் எழுதிய ஆணை, நடுவில் இருக்கும் மனிதரின் வீட்டில் என்ன செய்யும் என்று எழுதுகிறவர் எண்ணிப்பார்ப்பதில்லை. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தமும் அப்படியே. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரிக்கப்பட்ட தோட்டத் தமிழர்களில் ஒருவரும் அந்த மேசையில் இல்லை. எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்ற முடிவை லயத்து அறைகளில் எடுத்தவர்களுக்குத் தொழிற்சங்கத்தாரும் படித்த பிள்ளைகளுமே உரையாசிரியர்கள் ஆனார்கள்.

சுதந்திர இந்தியாவில் உச்ச நீதிமன்றம் இருமுறை அரசுக்கும் வெளிநாடு போகிறவருக்கும் உள்ள உறவை மாற்றியது. பாஸ்போர்ட் கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம் என்ற நிலையை 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் வழக்கு முடித்துவைக்க, அதே ஆண்டில் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. 1977 ஜூலையில் மேனகா காந்திக்கு, பொதுநலன் கருதி பாஸ்போர்ட்டை ஏழு நாளில் ஒப்படைக்கும்படி கடிதம் போனது. காரணம் கேட்டார், சொல்ல மறுத்தார்கள். 1978 ஜனவரி 25இல் வந்த தீர்ப்பு, அரசின் நடைமுறை நியாயமானதாக இருக்கவேண்டும், பாதிக்கப்படுகிறவருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு வேண்டும் என்று நிலைநாட்டியது. வெளிநாடு செல்லும் உரிமை தொடர்பான அரசுக் கடிதத்துக்குக் காரணம் என்ற உறுப்பு கிடைத்த வரலாறு இது. வழக்காடும் வசதியுள்ளவர் பெற்றுத்தந்த உரிமை.

வழக்காட முடியாதவர்களுக்கென வந்தது 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம். வளைகுடாவுக்குப் போகும் கூட்டம் பெருகிய காலம். இதன்படி பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில் பொதுவாக ‘ஈ.சி.ஆர்.’ (குடிபெயர்வுச் சோதனை தேவை) முத்திரை விழும். அவர் சவூதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகவேண்டுமானால் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். ஐம்பது வயது தாண்டியவர், வருமான வரி கட்டுகிறவர், மூன்றாண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர் போன்றோருக்கு விலக்கு உண்டு. இங்கேதான் முரண் முற்றுகிறது. படிப்பு இல்லாததால் ஏமாற்றப்படுவார் என்று கருதித்தான் சட்டம் அவரைத் தனியே பிரித்துக் காக்கிறது. அவருக்கான அறிவிப்புகளோ ஆங்கிலத்திலும் இந்தியிலுமே முதலில் பிறக்கின்றன. 1883இன் பதிவு அதிகாரி ஆளை நேரில் பார்த்துக் கேட்டார். இன்றைய அனுமதி ‘ஈ-மைக்ரேட்’ என்ற இணைய அமைப்பில் கிடைக்கிறது. ஆவணம் சரியா என்று அது பார்க்கும், ஆளுக்கு விளங்கியதா என்று பார்க்காது.

ஏன் தமிழ் இல்லை என்பதற்குச் சட்டக் காரணம் இருக்கிறது. 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் மூன்றாம் பிரிவு, மத்திய அரசின் அறிவிப்புகளும் விதிகளும் செய்திக்குறிப்புகளும் இந்தி, ஆங்கிலம் இரண்டிலும் இருக்கவேண்டும் என்கிறது. மூன்றாவது மொழியைத் தடுக்கவில்லை, கட்டாயமாக்கவுமில்லை. 2020 ஜூன் 30 அன்று டில்லி உயர் நீதிமன்றம், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிப்பை எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொன்னபோது, மத்திய அரசு இந்தப் பிரிவையே காட்டி எதிர்த்தது. அந்தத் தீர்ப்பின் தர்க்கம் வெளியுறவு அறிவிப்புக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்பது என் முடிவு. வரைவைப் படிக்காதவர் கருத்துச் சொல்லும் வாய்ப்பை இழக்கிறார். பயண எச்சரிக்கையைப் படிக்காதவர் உயிரையே இழக்க நேரலாம்.

அதிகார மொழி எளிதாக முடியாது என்று சொல்வோர் 2022இல் உக்ரைனிலிருந்த இந்தியத் தூதரகம் விட்ட அறிவிப்புகளை வரிசையாகப் படிக்கவேண்டும். பிப்ரவரி 15 அறிவிப்பு, தங்கியிருப்பது அவசியமில்லாத மாணவர்கள் தற்காலிகமாக வெளியேறுவது பற்றி யோசிக்கலாம் என்றது. யோசிக்கலாம் என்றால் போகவேண்டுமா, கூடாதா? வகுப்பை விட்டால் படிப்புப் போய்விடுமோ என்று தவித்த பிள்ளைகளுக்கு அதில் விடை இல்லை. 22ஆம் தேதி அறிவிப்பு, பல்கலைக்கழகத்தின் உறுதிமொழிக்குக் காத்திராமல் புறப்படச் சொன்னது. 24ஆம் தேதி போர் மூண்டது. மார்ச் 2 அன்று கார்கிவ் நகரிலிருந்தோருக்கு வந்த அறிவிப்பு வேறு உலகத்து மொழி: உடனே கிளம்புங்கள், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தே போங்கள், பெயர் குறித்த மூன்று ஊர்களில் ஒன்றை மாலை ஆறு மணிக்குள் அடையுங்கள், ஊர் ஒவ்வொன்றும் எத்தனை கிலோமீட்டர் என்பதும் அதில் இருந்தது. யார், எங்கே, எப்போது, எப்படி என்ற நான்குக்கும் விடையுள்ள அறிவிப்பு. அந்த நடை குண்டு விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 24இல் வெளியுறவு அமைச்சகம் விட்ட எச்சரிக்கை தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு நேரடியாக உரியது. தாய்லாந்தில் கணினி வேலை என்று ஆசைகாட்டி, எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தி, இணைய மோசடி வேலையில் அடைத்துவைத்த கும்பல்களைப் பற்றியது அது. மீட்கப்பட்டவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். முகவரின் பின்னணியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று அது சொன்னது. எப்படிச் சரிபார்ப்பது என்பதைத்தான் தமிழில் ஊர் ஊராகச் சொல்லவேண்டும்.

ஆகவே அதை இங்கேயே எழுதிவிடுகிறேன். ஆள் அனுப்பும் ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்தவராக இருக்கவேண்டும். அவருக்குப் பதிவு எண் உண்டு. ஈ-மைக்ரேட் தளத்தில் அந்த எண்ணைத் தேடிப்பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக்கட்டணம் 30,000 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், மொத்தம் 35,400 ரூபாய். லட்சக்கணக்கில் கேட்டால் அது சட்டப்படியான கட்டணம் அல்ல. சுற்றுலா விசாவில் அனுப்பி அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்றால் போகாதீர்கள். அந்த விசாவில் வேலை செய்பவர் அங்கே குற்றவாளியாகிறார். ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் போகிறவருக்குப் பத்து லட்ச ரூபாய் காப்பீடு கட்டாயம். பிரீமியம் இரண்டாண்டுக்கு 275 ரூபாய். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்கிவருகிறது, அங்கும் கேட்கலாம்.

மத்திய அரசு செய்யவேண்டியவை இரண்டு. புதிய குடிபெயர்வுச் சட்டத்துக்கான வரைவு 2021இல் பொதுமக்கள் கருத்துக்கு விடப்பட்டது. எந்த வடிவில் அது சட்டமானாலும் 1883இன் அந்தப் பழைய கடமையை அதில் மீட்டெழுதவேண்டும்: போகிறவருக்கு அவருடைய மொழியில் விளக்கி, விளங்கியது என்று உறுதிசெய்த பிறகே அனுமதி. எச்சரிக்கை எந்த நாளில் ஆங்கிலத்தில் வருகிறதோ அந்த நாளிலேயே தமிழிலும் வரவேண்டும். அதுவரை, வெளிநாட்டு வேலைக்குக் காசு கொடுக்கும் முன் 1800 11 3090 என்ற அரசின் கட்டணமில்லா எண்ணை ஒருமுறை அழைத்துக் கேட்டுவிடுங்கள்.