புல்வெளி காய்ந்த கோடைகள்

புல்லை வளர்த்து, அதனைத் தாமும் உண்ணாது, ஆடு மாடுகளுக்கும் கொடாது, வெட்டி வெட்டி ஒரே மட்டமாக வைத்துப் போற்றுவது மனித வரலாற்றில் மிகப் பிற்பட்ட வழக்கமாகும். கால்நடைத் தீனியாக இருந்த புல் செல்வர் மாளிகைக்கு அழகுப் பொருளாக மாறியதில் இங்கிலாந்து நாட்டிற்குப் பெரும் பங்குண்டு. அடிக்கடி தூறலும் மிதமான குளிரும் உள்ள அந்நாட்டில் பசும்புல் எளிதில் வாய்த்தது. எளிதில் வாய்த்ததையே அந்நாட்டார் பெருமைக்குரியதாக்கிக் கொண்டனர். மழை பொய்த்த கோடைகளிலோ அந்தப் பெருமை சோதனைக்கு உள்ளாயிற்று. அச்சோதனைகளின் வரலாறு, புல்லைப் பற்றி மட்டுமன்றி, நீரைப் பற்றியும் மண்ணுள் மறைந்த பழமையைப் பற்றியும் பல செய்திகளைக் கூறுகின்றது.

மாளிகை முன் வந்த புல்

புல்தரையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், காட்டின் நடுவே மரமின்றித் திறந்து கிடக்கும் வெளியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. தொடக்கத்தில் ஆடுகள் மேய்ந்தும் ஆட்கள் நீண்ட அரிவாள் வீசியுமே புல் குறுகி நின்றது. ஒரு பெரிய புல்தரையை மட்டமாக வைத்திருக்கத் திறமையான வேலையாட்கள் பலர் வேண்டியிருந்தனர். ஆதலின் அது செல்வத்தின் அடையாளமாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லான்சலாட் பிரௌன் என்னும் தோட்டக்கலை அறிஞர், பூம்பாத்திகளையும் வேலிகளையும் அகற்றி, மாளிகைச் சுவர்வரை புல்வெளியைக் கொண்டுவரும் முறையைப் பரப்பினார்.

இவ்வழக்கம் நடுத்தர மக்களிடம் பரவியதற்கு ஓர் இயந்திரம் துணைசெய்தது. ஸ்ட்ரௌட் நகரின் அருகே துணியாலைகளைச் சார்ந்து தொழில் செய்த எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின் மேற்பரப்பிலுள்ள மயிரிழைகளைச் சீராகக் கத்தரிக்கும் சுழலும் கத்திகளைக் கண்டார். துணிக்கு ஏற்றது புல்லுக்கும் ஏற்குமென அவருக்குத் தோன்றியது. 1830ஆம் ஆண்டில் அவர் புல்வெட்டும் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின்னர், வேலையாட்களை வைத்துக்கொள்ள இயலாத சிறு வீட்டினரும் தத்தம் வாசலில் ஒரு துண்டுப் புல்தரை வைத்துக்கொள்ளும் காலம் மெல்ல வந்தது.

புல்லின் இயல்பு

பெரும்பாலான செடிகள் நுனியிலே வளர்வன. அவற்றின் நுனியைக் கிள்ளினால் அத்தண்டின் வளர்ச்சி தடைப்படும். புல்லின் வளர்முனையோ மண்ணை ஒட்டி அடியில் உள்ளது. ஆகவே மேய்ந்தாலும் வெட்டினாலும் அது மீண்டும் தழைக்கின்றது. கடுங்கோடையிலும் இவ்வமைப்பே அதனைக் காக்கின்றது. நீர் குறைந்ததும் புல் இலைகளைக் கைவிட்டு, அடிமுனையையும் வேரையும் மட்டும் காத்துக்கொண்டு உறங்குகின்றது. பழுப்பாகக் கிடக்கும் புல்தரை பெரும்பாலும் செத்ததன்று. நல்ல மழை பெய்தால் சில வாரங்களில் அது மீண்டும் பசுமையாகும்.

இதனை அறிந்த தோட்டக்காரர் கோடைக்கெனச் சில முறைகளைக் கைக்கொள்வர். புல்லை ஒட்ட வெட்டாமல் சற்று உயரமாக விடுவர். உயர்ந்த புல் மண்ணுக்கு நிழல் தருவதோடு வேரையும் ஆழமாக ஓட்டும். வெட்டிய துணுக்குகளை வாரிவிடாமல் தரையிலேயே கிடக்கவிட்டால் ஈரம் காக்கப்படும். நீர் விடுவதாயின், நாள்தோறும் மேலாகத் தெளிப்பதினும், இடைவெளிவிட்டு மண் ஆழமாக நனையுமாறு காலையில் விடுவதே சிறந்தது. மேலாகத் தெளிக்கும் நீரால் வேர் மேலேயே தங்கிப் புல் மேலும் நலியும்.

புல்லின் சாதியும் இங்கே கருதத்தக்கது. இங்கிலாந்துப் புல்தரைகளில் உள்ளவை பெரும்பாலும் குளிர்நாட்டுப் புற்கள். வெப்ப நாடுகளிலோ, தமிழர் நன்கறிந்த அறுகே புல்தரைகட்குப் பெரிதும் பயன்படுகின்றது. ஆங்கிலேயர் அதனைப் பெர்முடாப் புல் என்று அழைத்தபோதிலும், அது அமெரிக்கக் கண்டத்துக்கு வெளியிலிருந்து சென்ற புல்லேயாகும். அறுகுபோல் வேரூன்றுக என்று மணமக்களை வாழ்த்தும் தமிழ் மரபு, அப்புல்லின் வறட்சி தாங்கும் ஆற்றலைக் கண்ணாரக் கண்டவர்களின் மரபு என்பதில் ஐயமில்லை.

1976ஆம் ஆண்டுக் கோடை

இங்கிலாந்தின் பெருமையை மிகவும் சோதித்தது 1976ஆம் ஆண்டுக் கோடையாகும். 1975 மே மாதந் தொடங்கியே அங்கு மழை குறைந்திருந்தது. 1976 சூன் 23ஆம் நாள் முதல் தொடர்ந்து 15 நாட்கள், நாட்டின் ஏதேனும் ஓர் இடத்தில் வெப்பம் 32 டிகிரி செல்சியசை எட்டியது. நீர்த்தேக்கங்களின் அடிமண் பாளம் பாளமாக வெடித்தது. தோட்டத்திற்குக் குழாய்வழி நீர் பாய்ச்சுதல் பல இடங்களில் தடைசெய்யப்பட்டது. தென் வேல்சு, டெவன் முதலிய பகுதிகளில் வீட்டுக் குழாய்கள் வற்றவே, மக்கள் தெருக்குழாய்களில் வரிசையாக நின்று நீர் பிடித்தனர்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் நாடாளுமன்றம் வறட்சிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த டெனிஸ் ஹவல் வறட்சிப் பொறுப்பை ஏற்றார். அவர் பொறுப்பேற்ற சில நாட்களில் மழை பெய்யத் தொடங்கியது வேடிக்கையாகப் பேசப்பட்டது. ஆயினும் அக்கோடை கற்பித்த பாடம் வேடிக்கையன்று. பக்கத்து வீட்டார் குடத்துடன் நிற்கும்போது ஒருவருடைய வாசற்புல் மட்டும் பச்சையாயிருப்பது பெருமையாகாது, பழிக்கே இடமாகும் என்பதை ஒரு தலைமுறை கண்டுகொண்டது.

புல் காட்டிய சுவடுகள்

புல் காய்ந்ததால் ஒரு நன்மையும் விளைந்தது. மண்ணுக்கடியில் பழைய சுவர் இருப்பின் அதன்மேல் மண் மெலிதாக இருக்கும். அங்குள்ள புல் முதலில் காயும். பழைய அகழி தூர்ந்து கிடப்பின் அங்கு மண் ஆழமாயும் ஈரமாயும் இருக்கும். அங்குள்ள புல் கடைசிவரை பசுமையாயிருக்கும். ஆகவே வறட்சியில் வானிலிருந்து நோக்குவோர்க்கு, நிலம் ஒரு வரைபடமாகக் காட்சியளிக்கும். 1920ஆம் ஆண்டில் பிரிட்டன் நில அளவைத் துறையின் முதல் தொல்லியல் அலுவலரான கிராபோர்டு என்பார், வானிலிருந்து தொல்லிடம் காணும் கலையை வளர்த்தவருள் முதன்மையானவர். 1976ஆம் ஆண்டு வறட்சியின்போதும் விமானத்திலிருந்து இத்தகைய சுவடுகள் பல கண்டறியப்பட்டன.

2018ஆம் ஆண்டுக் கோடையில் சாட்ஸ்வொர்த் மாளிகையின் தென்புறப் புல்தரை காய்ந்தபோது, 1699ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டுப் பின்னர்ப் புல்லால் மூடப்பட்ட பூந்தோட்டமொன்றின் வளைந்த பாதைகளும் பாத்திகளும் கோலம் போட்டாற்போல் வெளிப்பட்டன. வேல்சிலும் அக்கோடையில் வானாய்வாளர் பழைய குடியிருப்புகளின் சுவடுகள் பலவற்றைப் பதிவு செய்தனர்.

யாவற்றினும் வியப்பானது ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் பெருங்கல் வட்டத்தில் நிகழ்ந்தது. அவ்வட்டத்தின் தென்மேற்குப் பகுதியில் கற்கள் பல இல்லை. வட்டம் எப்பொழுதேனும் முழுமையாக இருந்ததா என்பது அறிஞரிடையே நெடுநாளைய வினா. 2013ஆம் ஆண்டுக் கோடையில் அங்குள்ள புல்லுக்கு நீர் பாய்ச்சினர். ஆனால் நீர்க்குழாயின் நீளம் வட்டத்தின் ஒரு பகுதிக்கு எட்டவில்லை. நீர் எட்டாத அவ்விடத்தில், முன்பு கற்கள் நின்றிருக்கக்கூடிய இடங்களிலே புல் பழுப்பாய்க் காய்ந்ததை ஊழியர் கண்டனர். வட்டம் முழுமையாயிருந்தது என்னும் கொள்கைக்கு அது வலுவூட்டியது. குழாய் இன்னும் சிறிது நீளமாயிருந்திருப்பின் அச்சான்று பசுமைக்குள் மறைந்தே போயிருக்கும்.

பாடாங் வெளிகள்

ஆங்கிலேயர் இப்பழக்கத்தைத் தாம் ஆண்ட நாடுகட்கும் கொண்டு சென்றனர். மலாய் மொழியில் பாடாங் என வழங்கும் திறந்தவெளி, அவர்கள் கையில் கிரிக்கெட்டு ஆடும் புல்தரையாயிற்று. நகராட்சிகளிலும் பொதுப்பணித் துறையிலும் உழைத்த தமிழர்க்குப் புல்வெட்டுதலும் ஒரு வேலையாயிருந்தது. அப்புல்தரைகளே பின்னர் வரலாற்று அரங்குகளாயின. 1943 சூலை 5ஆம் நாள் சிங்கப்பூர்ப் பாடாங்கில் இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பைச் சுபாஷ் சந்திரபோஸ் பார்வையிட்டார். 1957 ஆகஸ்டு 30ஆம் நாள் நள்ளிரவில் கோலாலம்பூர்ப் பாடாங்கில் பிரிட்டிஷ் கொடி இறங்கி மலாயாவின் கொடி ஏறியது.

மழை மிகுந்த இந்நாடுகளும் வறட்சிக்கு விலக்கல்ல. 1963 ஏப்ரல் முதல் 1964 பிப்ரவரி வரை சிங்கப்பூரில் நீர்ப் பங்கீடு நடைமுறையில் இருந்தது. 1998ஆம் ஆண்டில் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்களும் பங்கீட்டு நீரைக்கொண்டு பல மாதம் வாழ்ந்தனர். அமெரிக்காவின் நெவாடா மாநிலமோ 2021ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, லாஸ் வேகஸ் பகுதியில் எவரும் கால் வைக்காத வெறும் அழகுப் புல்தரைகட்கு 2026ஆம் ஆண்டு முடிவுக்குப்பின் கொலராடோ ஆற்று நீர் கூடாது என விதித்தது. தனி வீடுகளின் தோட்டங்கள் இவ்விதிக்கு உட்படவில்லை. பிள்ளைகள் விளையாடும் வெளிக்கும் வெறும் அலங்காரத்திற்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டமே வகுத்தது.

கோடையில் புல்தரையைக் காப்பது என்பதன் பொருள் இவ்வாறு காலத்தோடு மாறி வந்துள்ளது. முன்பு அது எப்பாடுபட்டேனும் பச்சை நிறத்தைக் காப்பதாக இருந்தது. இன்று வேரைக் காத்து, நிறத்தை மழைக்கு விட்டுவிடுவதே அறிவுடைமை எனக் கருதப்படுகின்றது. அறுகின் வேரை அறிந்து வாழ்த்துரைத்த தமிழர்க்கு இக்கருத்துப் புதியதன்று. பள்ளித் திடலின் புல் ஒரு கோடையில் பழுத்துக் கிடந்தால், மாணவர்க்கு அதனைக் காட்டி விளக்கப் புல்லின் கதையும் உண்டு, நீரின் கதையும் உண்டு.