போரும் வரிக்கணக்கும்: மதுரைச் சீமையில் அரசு உருவான வரலாறு

மதுரை மாநகரில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி எனத் தமிழ் மாதங்களின் பெயரால் வீதிகள் அமைந்துள்ளன. அவற்றிற்கு அப்பால் உள்ளவை மட்டும் ‘வெளி வீதி’ என வழங்குகின்றன. நாயக்கர் காலத்துக் கோட்டை மதிலின் எல்லையை நினைவூட்டும் பெயர் அது. அம்மதிலை 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கலெக்டர் பிளாக்பர்ன் இடிக்கச் செய்து, அகழியையும் தூர்க்கச் செய்தார். அப்பணியை மேற்பார்த்த மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகிய இருவரின் பெயர்களும் இன்றும் வீதிப் பெயர்களாக வழங்குகின்றன. மதில் எழுந்ததற்கும் போரே காரணம். போர் ஓய்ந்ததே அது இடிந்ததற்கும் காரணம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் அரசு எவ்வாறு உருவாயிற்று, அதில் நம் மக்கள் எங்கு நிறுத்தப்பட்டனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் இச்சீமையை 72 பாளையங்களாகப் பிரித்தனர் என்பது மரபு. கோட்டையின் 72 கொத்தளங்களுக்கும் ஒரு கொத்தளத்திற்கு ஒரு பாளையக்காரர் பொறுப்பு என்றும் கூறுவர். பாளையக்காரர் படை தரவேண்டும். அதற்கு ஈடாக நிலத்தின் வருவாயை நுகரலாம். அதாவது, வாள் ஏந்தியவனுக்கு ஊர் கிடைத்தது. அவ்வூரின் வயல்களில் உழுதவர்களுக்கு உழைப்பு மட்டுமே எஞ்சியது.

18ஆம் நூற்றாண்டில் நாயக்கர் ஆட்சி மறைந்தபின், மதுரை பலர் கைக்கு மாறியது. நவாபுக்காகவும் கம்பெனிக்காகவும் மதுரையை ஆண்ட யூசுப்கான், அவர்களையே எதிர்த்து நின்று, நீண்ட முற்றுகைக்குப் பின் பிடிபட்டு, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். போர்களின் செலவு ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியைக் கடனாளியாக்கியது. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பாளையக்காரரிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கம்பெனியிடம் சென்றது. கட்டபொம்மன் 1799இலும், மருது சகோதரர்கள் 1801இலும் தூக்கிலிடப்பட்டனர். 1801இல் கர்நாடக ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்கு வந்தது. போர்க்கடன் இவ்வாறாக அரசாக மாறியது எனலாம்.

ஐரோப்பாவிலும் போரே அரசுகளை வளர்த்தது. 1694இல் இங்கிலாந்து வங்கி தோன்றியது பிரான்சுடன் நடந்த போருக்குக் கடன் திரட்டுவதற்கே. ஆயினும் அங்கு வரி செலுத்திய செல்வர்கள் பாராளுமன்றத்தில் கணக்குக் கேட்டனர். நம் நாட்டில் வரி செலுத்தியவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை இல்லை. வயலில் உழுதவனுக்கோ வரி செலுத்துவோன் என்னும் பெயர்கூட இல்லை.

இங்குதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி உள்ளது. பாளையக்காரரின் ஆயுதங்களைப் பறித்த கம்பெனி, சிவகங்கை, இராமநாதபுரம் போன்ற இடங்களில் ஜமீன்தாரி முறையை நிலைநாட்டியது. மற்ற இடங்களில், தாமஸ் மன்றோ வலியுறுத்திய ரயத்துவாரி முறை வேரூன்றியது. அம்முறையில் ஒவ்வொரு நிலத்திற்கும் ஒரு பட்டாதார் உண்டு. அவர் பெயர் கர்ணத்தின் கணக்கில் ஏறும். அரசுக்கு வேண்டியது வரி செலுத்த ஒரு பெயர். அப்பெயர் பெரும்பாலும் ஊரில் முன்னரே ஆதிக்கம் பெற்றிருந்தவரின் பெயராகவே அமைந்தது. பல ஊர்களில் நிலத்தின் எல்லையை அறிந்தவரும், மடை திறந்து நீர் பாய்ச்சியவரும் நம் முன்னோரே. எல்லையை அறிந்தவர் ஒருவர். ஏட்டில் ஏறியவர் வேறொருவர். 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம் அடிமைமுறைக்குச் சட்டத்தின் துணையை நீக்கியது. ஆனால் விடுதலை பெற்றவனுக்கு நிலம் கொடுக்கவில்லை.

வளர்ச்சியும் அந்த ஏட்டின் வழியே சென்றது. 1876–78ஆம் ஆண்டுகளின் கொடும்பஞ்சத்திற்குப் பின், 1886இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் செய்யப்பட்டு, 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்டது. அதைக் கட்டிய பென்னிகுயிக் இராணுவப் பொறியாளர். பணியில் சென்னைப் படையின் பயனியர் பிரிவினரும் ஈடுபட்டனர். மேலூர்ப் பகுதியின் புன்செய் நன்செய்யாயிற்று. அந்நீரால் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. அதை மறுப்பது நன்றியன்று. ஆனால் நீர் பட்டாவைத் தேடிச் சென்றது. பட்டா இல்லாதவருக்கு நடவுக் கூலியும் அறுப்புக் கூலியும் மட்டுமே கூடின.

போர் நமக்கு ஒரு கதவைத் திறந்ததும் உண்டு. சென்னைப் படையின் பயனியர், சாப்பர் பிரிவுகளில் தாழ்த்தப்பட்ட மக்கள் பலர் பணியாற்றினர். பம்பாய்ப் படையில் மகர் மக்கள் பணியாற்றினர். அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் இராணுவப் பள்ளியில் ஆசிரியராக விளங்கியவர். ஊர்ப் பள்ளி வாயிலில் நிறுத்தப்பட்டவர்க்குப் படைமுகாமில் எழுத்து கிடைத்தது. பின்னர் ‘போர்க்குடிகள்’ என்னும் பொய்க் கொள்கையால் அக்கதவும் அடைக்கப்பட்டது. பிறர் தேவைக்காகத் திறக்கும் கதவு, அத்தேவை தீர்ந்ததும் மூடப்படும் என்பது இதனால் நாம் பெறும் படிப்பினை.

நிலத்தைக் குறித்த முதல் பெரு முயற்சி செங்கல்பட்டுக் கலெக்டர் திரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையால் விளைந்தது. 1892 செப்டம்பர் 30 அன்று பஞ்சமி நில அரசாணை பிறந்தது. அந்நிலத்தைப் பத்தாண்டுகளுக்கு விற்கலாகாது; அதன் பின்னரும் தாழ்த்தப்பட்டோர்க்கே விற்கலாம் என்பது நிபந்தனை. ஆயினும் ஆணையைப் படிக்கத் தெரியாதவரின் நிலம் பல இடங்களில் பிறர் கைக்குப் போயிற்று.

விடுதலைக்குப் பின் 1948இல் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் வந்தது. 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிந்தன. தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டில் கிடந்த ஊர்க்கணக்கு, தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலரின் கைக்கு வந்தது. இவ்வொரு மாற்றத்தின் பொருளை நம் இளைஞர் உணர வேண்டும். ஆயினும், ஏடு மாறினால் ஊர் மாறிவிடும் என்று எண்ணலாகாது. 1997இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட அறுவர் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் தனித்தொகுதித் தேர்தல் 2006இல்தான் முறையாக நடந்தேறியது. அரசு ஏட்டில் எழுதிய உரிமையை ஊர் ஏற்கப் பத்தாண்டுகள் பிடித்தன.

இளைஞர்களே! வாளால் அமைந்த அரசு ஏட்டால் நிலைபெற்றது. ஆகவே ஏட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பட்டா, சிட்டா, அடங்கல், ‘அ’ பதிவேடு ஆகியவற்றின் பொருள் அறியுங்கள். இன்று அவற்றுட் பலவற்றைக் கணினியிலேயே காணலாம். உங்கள் ஊர்ப் புறம்போக்கு எது, பஞ்சமி நிலம் எது எனக் கேட்டறியுங்கள். ஆண்டுதோறும் எம் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் நம் பிள்ளைகளின் பெயரை எழுதும்போது, அரசின் ஏட்டில் அப்பெயர் ஏற எத்தனை தலைமுறைகள் காத்திருந்தன என எண்ணிக்கொள்வேன். வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கம் இந்த 25 ஆண்டுகளாகச் செய்துவருவதும் அதுவே: விடுபட்ட பெயர்களை ஏட்டில் ஏற்றுவது. அப்பணி இன்னும் முடியவில்லை. இனி அதை ஏற்க வேண்டியவர்கள் நீங்களே.