ஓலைக் கூரையும் ஏழு விருந்தினரும்

தாகமுள்ளோரைத் தம்மிடம் வருமாறு ஆண்டவர் உரத்த குரலில் அழைத்தது கூடார விழாவின் இறுதி நாளில் என்பதை யோவான் நற்செய்தியின் ஏழாம் அதிகாரம் குறிப்பிடுகிறது. அவ்விழாவை அறியாத நமக்கு அவ்வழைப்பின் பாதிப் பொருள் மறைந்தே நிற்கிறது.

எபிரேயர் 'சுக்கோத்' என்றழைக்கும் இவ்விழா, நம் புரட்டாசி ஐப்பசியை ஒட்டிய முழுநிலவில் தொடங்கும். பாலைநிலத்தில் முன்னோர் குடில்களில் வாழ்ந்ததை நினைந்து ஏழு நாள் குடிலில் தங்குமாறு லேவியர் நூல் பணிக்கிறது. அக்குடிலின் கூரைக்கு யூத மறைநூலார் வகுத்த விதிகள் சுவையானவை. மண்ணில் விளைந்து வெட்டப்பட்ட தழையாலேயே அதை வேய வேண்டும். வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும். ஆயினும் இடைவெளியில் விண்மீன்கள் தெரிவது நன்று. பெருமழைக்கு ஒழுகும் கூரையையே இறைவன் கேட்டார்!

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினில் வெளிப்பட்ட 'சோகார்' என்னும் மறைஞான நூல் இன்னும் ஆழமாகச் செல்கிறது. ஆபிரகாம் முதல் தாவீது வரை எழுவர் கண்ணுக்குப் புலனாகா விருந்தினராய் அக்குடிலுக்கு வருகின்றனராம். அவர்களுக்குரிய பங்கு ஏழைகளுக்கு உரியது. ஏழைக்கு இடமில்லாத குடிலில் அவ்விருந்தினர் தங்குவதில்லை.

எருசலேம் ஆலயம் நின்ற காலத்தில், விழா நாள்தோறும் சீலோவாம் குளத்து நீரைக் கொணர்ந்து பீடத்தில் வார்த்தனர். அது மழைக்கான வேண்டுதல். இதன் அவசரத்தை நூலறிவால் உணர்வதைவிடக் காட்டுப்பள்ளியில் நின்று உணர்வது எளிது. கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையே மணலில் அமைந்த அவ்வூருக்கு வடக்கே பழவேற்காடு ஏரி விரிகிறது. ஐப்பசி மழை பொய்த்தால் ஆற்று வெள்ளம் வராது, ஏரிநீர் உப்பேறும், முகத்துவாரம் மணலால் தூர்ந்து, இறால் வரத்தும் குறையும். யூதர் மழை வேண்டும் அதே நாட்களில் நம் மீனவரும் வானம் பார்த்திருக்கின்றனர். வாழ்வளிக்கும் நீரைத் தம்மிடம் கேட்குமாறு ஆண்டவர் அழைத்தது இத்தகைய ஏக்கத்தின் நடுவில்தான்.

இவ்விழா நம் நாட்டிற்குப் புதிதன்று. கொச்சி யூதர் தென்னங்கீற்றால் குடில் வேய்ந்தனர். 1568இல் எழுந்த அவர்களது பரதேசி தொழுகைக்கூடத்தை 1662இல் போர்த்துகீசியர் தீக்கிரையாக்கினர். மறு ஆண்டு கொச்சியைக் கைப்பற்றி அவர்களுக்கு மூச்சுவிட இடமளித்த டச்சுக்காரர், பழவேற்காட்டில் 1613இலேயே கெல்திரியாக் கோட்டை அமைத்திருந்தவர்கள்.

சென்னைக்கும் யூத வணிகர் வந்தனர். பவளம் கொணர்ந்து வைரம் கொண்டு சென்றனர். அவர்களுள் ஒருவரான ஜாக் தெ பைவா 1687இல் இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். 1688இல் அமைந்த சென்னை மாநகராட்சியின் உறுப்பினருள்ளும் யூதர் இருந்தனர். அவர்களுள் போர்த்துகீசிய வழியினர் உண்டு. 1497இல் போர்த்துகலின் யூதர் வலிந்து திருமுழுக்குப் பெறச் செய்யப்பட்டனர். 1560இல் கோவாவிலும் நம் திருச்சபையின் விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. நோன்பை வீட்டுக்குள் மறைத்துக் காக்கலாம். விண்மீன் தெரியும் குடிலை எங்கே மறைப்பது? ஆண்டவரே யாத்திரையாய்ச் சென்று கொண்டாடிய விழா, அவர் பெயராலேயே அஞ்சத்தக்கதாயிற்று. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூத வெறுப்பைக் கண்டித்தது; அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு மேலாயின.

கொச்சி யூதருள் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரயேலுக்குக் குடிபெயர்ந்தனர். தென்னஞ்சோலைகளை விட்டுச் சென்ற பல குடும்பங்கள் நெகேவ் பாலைநிலத்தில் நெவாத்தீம் என்னும் ஊரில் குடியேறின.