விண்ணப்பம் கேட்காத சாப்பாடு: பள்ளி உணவுத் திட்டத்தில் ஏழை மாணவர் சேர்க்கையின் வரலாறு

பள்ளியில் இலவச உணவு பெறும் மாணவர்களை அடையாளம் காண்பதற்கு உலகில் மூன்று முறைகள் உள்ளன. பெற்றோர் விண்ணப்பம் கொடுத்து, வருமானத்தை மெய்ப்பித்து, ஒப்புதல் பெறுவது முதல் முறை. அரசிடம் ஏற்கெனவே உள்ள பட்டியல்களைக் கொண்டு, விண்ணப்பம் இல்லாமலே ஏழை மாணவர்களைத் தானாகச் சேர்த்துக்கொள்வது இரண்டாவது. யார் ஏழை என்று பார்க்காமல், பள்ளிக்கு வரும் எல்லாக் குழந்தைகளுக்கும் உணவு கொடுப்பது மூன்றாவது. தமிழ்நாட்டின் பள்ளி உணவு வரலாறு, தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில் இருந்து எல்லோருக்கும் கொடுப்பதை நோக்கி நடந்த நூறாண்டுப் பயணம் ஆகும். அந்தப் பயணத்தையும், அது இன்னும் சென்று சேராத இடங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வடலூர் அடுப்பு

பள்ளி உணவுக்கு முன்பே, இன்றைய கடலூர் மாவட்டத்தில் யாரையும் கேள்வி கேட்காத ஓர் உணவுச்சாலை தோன்றிவிட்டது. இராமலிங்க அடிகளார் 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. சாதி, சமயம், ஊர் எதுவும் பார்க்காமல், பசித்து வந்தவருக்கு உணவு என்பதே அங்கு விதி.

இது அரசுத் திட்டம் அன்று, பள்ளிக்கானதும் அன்று. ஆயினும், பசியே போதுமான தகுதி என்ற எண்ணம் இம்மண்ணுக்குப் புதியதல்ல என்பதற்கு இது சான்று. அந்த எண்ணம் அரசு விதியாக மாற நெடுங்காலம் ஆனது.

சென்னை மாநகராட்சி, 1920

தமிழ்நாட்டில் பள்ளி உணவின் தொடக்கம் 1920 ஆகும். அப்போது சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தவர் நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவரான சர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்குச் சிற்றுண்டி வழங்க 1920 செப்டம்பரில் மாநகராட்சி மன்றம் ஒப்புதல் அளித்தது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. அப்பள்ளிப் பிள்ளைகள் மிகவும் ஏழைகள், வறுமையால் பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது என்பதே மன்றத்தில் சொல்லப்பட்ட காரணம்.

திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. பலன் எண்ணிக்கையில் தெரிந்தது. ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 1922-23இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1,671 ஆனது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியில் இருந்து இதற்குச் செலவிடக் கூடாது என்று பிரித்தானிய அரசு தடுத்ததால், 1925 ஏப்ரல் முதல் திட்டம் நின்றது.

இரண்டாண்டுகளுக்குப் பின் அது மீண்டும் உயிர்பெற்றது. இம்முறை பள்ளியில் உள்ள எல்லோருக்கும் அன்று. 25 பள்ளிகளில் இருந்த சுமார் ஆயிரம் ஏழை மாணவர்களுக்கு மட்டும். நிதி சுருங்கியதும், உணவு பெறுவோரைப் பொறுக்கி எடுக்கும் வேலை வந்து சேர்ந்தது. பின்னரும் இது பல இடங்களில் திரும்பத் திரும்ப நிகழ்ந்துள்ளது.

காமராசர் காலம்

1954இல் முதலமைச்சரான காமராசர், ஊர்கள்தோறும் பள்ளிகளைத் திறந்ததோடு, பசியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதையும் உணர்ந்திருந்தார். 1956இல் மதிய உணவுத் திட்டம் எட்டயபுரத்தில் தொடங்கப்பட்டு, தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு இதை ஊர் மக்களின் இயக்கமாக வளர்த்தார்.

ஒரு சாப்பாட்டுக்கு ஆகும் பத்துக் காசில் ஆறு காசை அரசும், நான்கு காசை ஊராரும் தர வேண்டும் என்பது ஏற்பாடு. பல ஊர்களில் வீட்டில் சோறாக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். 1961 முதல் கேர் என்ற வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தின் பால்பொடி, சமையல் எண்ணெய், தானியம் ஆகியவையும் வந்தன.

இத்திட்டத்துக்கு இரண்டு வரம்புகள் இருந்தன. ஊராரின் பங்கு கிடைத்தால்தான் அடுப்பு எரியும். ஏழை ஊரில் பங்கு கொடுப்பதே கடினம். அடுத்து, உணவு ஏழைப் பிள்ளைகளுக்கு என்பதால், யார் ஏழை என்று பள்ளியிலேயே முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஆசிரியருக்கு ஊரும் தெரியும், குடும்பங்களும் தெரியும் என்பதால் அது பெரும்பாலும் நேர்மையாகவே நடந்தது. ஆனாலும், மணி அடித்ததும் ஒரு பகுதிப் பிள்ளைகள் தட்டோடு எழுந்து போக, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 1960களில் தொடக்கப் பள்ளியில் படித்த இக்கட்டுரையாளர், தட்டோடு எழுந்து போனவர்களில் ஒருவர். உப்புமாவின் மணத்தோடு, எழுந்து நின்ற அந்த ஒரு நொடியின் கூச்சமும் மறக்கவில்லை. பசி கூச்சத்தை வென்றது. வெல்லாத பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் வருவதாகச் சொல்லிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

1982: வருகையே தகுதி

முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டத்தைத் திருச்சிராப்பள்ளி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் தொடங்கி வைத்தார். முதலில் ஊரகப் பகுதிகளில் 2 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு உணவு கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984இல் 15 வயது வரையுள்ள மாணவர்களுக்கும் விரிந்தது.

இத்திட்டத்தின் பெரும் மாற்றம் பரப்பளவு மட்டும் அன்று. ஊர்ப் பங்கு என்ற நிபந்தனை போனது. செலவு அரசின் பொறுப்பானது. ஒவ்வொரு மையத்துக்கும் சத்துணவு அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று பணியாளர்கள் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். திட்டம் ஏழைக் குழந்தைகளை எண்ணியே வகுக்கப்பட்டாலும், நடைமுறையில் சாப்பிட வரும் பிள்ளையிடம் வருமானச் சான்று கேட்பதில்லை. காலையில் வருகை எடுக்கும்போது ஆசிரியர், சாப்பிடுவோர் எத்தனை பேர் என்று எண்ணுவார். அந்த எண் சமையலறைக்குப் போகும். அதற்கேற்ப அரிசி அளக்கப்படும்.

இம்முறையில் விண்ணப்பம் எழுதுவது, சரிபார்ப்பது, நிராகரிப்பது என்ற படிகளே இல்லை. வீட்டில் வசதி உள்ளவர் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவார். இல்லாதவர் வரிசையில் நிற்பார். ஆண்டின் நடுவில் ஒரு குடும்பம் கையில் பணமின்றிப் போனாலும், அந்தப் பிள்ளை மறுநாளே வரிசையில் சேரலாம். எந்தப் பட்டியலும் இவ்வளவு விரைவாகத் திருத்தப்படுவதில்லை.

பின்வந்த ஆட்சிகள் திட்டத்தைக் கைவிடவில்லை, வளர்த்தன. 1989இல் மு. கருணாநிதி ஆட்சியில் இரு வாரங்களுக்கு ஒரு முட்டை சேர்ந்தது. அது படிப்படியாகக் கூடி, 2010இல் வாரத்துக்கு ஐந்து முட்டை ஆனது. முட்டை உண்ணாதவர்களுக்கு வாழைப்பழம் தரப்பட்டது.

கொடையில் இருந்து உரிமைக்கு

தமிழ்நாட்டில் வழக்கமாக இருந்தது, இந்தியா முழுவதும் சட்டமாக மாறியது இதன் அடுத்த கட்டம். மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடக்கக் கல்விக்கான தேசிய ஊட்டச்சத்து ஆதரவுத் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் பல மாநிலங்கள் சமைத்த உணவுக்குப் பதிலாகத் தானியத்தையே கொடுத்து வந்தன. மக்கள் குடியுரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. அரசு மற்றும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் படிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் உள்ள சமைத்த உணவை, ஆண்டில் குறைந்தது 200 நாள் வழங்க வேண்டும் என்றது அந்த ஆணை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், எட்டாம் வகுப்பு வரை இதைச் சட்ட உரிமை ஆக்கியது.

ஆணையிலும் சட்டத்திலும் ‘ஏழைக் குழந்தை’ என்ற வடிகட்டி இல்லை. அந்தப் பள்ளியில் படிப்பதே தகுதி.

எனினும், படிவம் வேறு வடிவில் திரும்பி வர முயன்றது. 2017 பிப்ரவரி இறுதியில் மத்திய அரசு மதிய உணவுக்கு ஆதார் எண்ணைக் கேட்கும் அறிவிக்கையை வெளியிட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்த பின், ஆதார் இல்லை என்பதற்காக யாருக்கும் உணவு மறுக்கப்படாது என்று விளக்கம் வந்தது.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவில் 1946இல் தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டம் வந்தது. அங்கு பெற்றோரின் வருமானத்தைப் பொறுத்துச் சிலருக்கு இலவசம், சிலருக்குக் குறைந்த விலை, மற்றவர்களுக்கு முழு விலை என்ற முறை வேரூன்றியது. இதற்குப் பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும். படிவம் புரியாதவர்கள், கூச்சப்பட்டவர்கள், கடிதத்துக்குப் பதில் போடாதவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் தகுதி இருந்தும் விடுபட்டார்கள். பணம் கட்டாத பிள்ளைகளின் பெயரில் உணவுக்கடன் சேர்ந்தது.

இதைச் சரிசெய்யவே தானாகச் சேர்க்கும் முறை வலுப்பெற்றது. அரசின் உணவு உதவி பெறும் குடும்பங்களின் பட்டியலையும் பள்ளி மாணவர் பட்டியலையும் ஒப்பிட்டு, பொருந்தும் பிள்ளைகளை விண்ணப்பம் இன்றிச் சேர்ப்பதை 2004ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. 2010ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது: ஏழை மாணவர் விகிதம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள பள்ளிகள், எல்லோருக்கும் இலவச உணவு தர வழி செய்தது. இங்கிலாந்தில் முதல் மூன்று வகுப்புக் குழந்தைகள் அனைவருக்கும் 2014 செப்டம்பர் முதல் இலவச உணவு கிடைக்கிறது. மேல் வகுப்புகளுக்குப் பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டியிருப்பதால், சில உள்ளாட்சிகள் தம்மிடமுள்ள தகவலைக் கொண்டு தாமே பெயர்களைச் சேர்க்கின்றன.

தானாகச் சேர்ப்பது விண்ணப்பத்தை விடச் சிறந்தது. ஆனால் அதற்கும் பட்டியல் வேண்டும். பட்டியலில் இல்லாத ஏழை அங்கும் இல்லாதவரே.

ஒரே பிள்ளை, இரண்டு வரிசைகள்

இந்த வேறுபாட்டை வெள்ளாற்றங்கரையில் உள்ள திட்டக்குடி வட்டாரத்தின் எந்த அரசுப் பள்ளியிலும் காணலாம். இங்கு கூலி வேலையும் கரும்பு வெட்டும் பல குடும்பங்களின் வாழ்வாதாரம். வேலை தேடி வெளியூர் போய், சில மாதங்கள் கழித்துத் திரும்பும் பெற்றோர் உண்டு.

இக்கட்டுரையாளரின் பணிக்காலத்தில், ஒவ்வோர் ஆண்டும் கல்வி உதவித்தொகைப் பட்டியல் தயாரிக்கும்போது சில பெயர்கள் விடுபட்டுப் போகும். வருமானச் சான்று காலாவதியாகி இருக்கும். சாதிச் சான்றில் தந்தை பெயர் ஒரு விதமாகவும், குடும்ப அட்டையில் வேறு விதமாகவும் இருக்கும். வங்கிக் கணக்கு இயங்காமல் கிடக்கும். சான்று வாங்க அலைவதற்கு ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். ஒரு நாளில் முடிவதும் இல்லை. வகுப்பிலேயே மிகவும் வறிய பிள்ளையின் பெயர்தான் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். எவ்வளவு முயன்றும் சிலருக்கு அந்தப் பணத்தை வாங்கித் தர முடியவில்லை என்ற குறை ஓய்வுபெற்ற பின்னும் இருக்கிறது.

அதே பிள்ளை அன்று மதியம் தட்டோடு வரிசையில் நின்று சோறு வாங்கிச் சாப்பிட்டது. அங்கே யாரும் தாளைக் கேட்கவில்லை. அரசு ஒன்றே, பிள்ளையும் ஒன்றே. மாறியது முறை மட்டும்.

காலை உணவும் எஞ்சிய இடைவெளிகளும்

2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் 1,545 அரசுப் பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்தும். 2024 ஜூலையில் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகள் என்று அது விரிந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ளோருக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் போன்றவை வழங்கப்படுகின்றன. இதிலும் வருமானக் கேள்வி இல்லை.

எல்லோருக்கும் கொடுப்பது வீண்செலவு என்று சொல்வோர் உண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஏன் அரசுச் சோறு என்பது அவர்கள் கேள்வி. அரசுப் பள்ளிகளில் படிப்போரில் மிகப் பெரும்பாலோர் எளிய குடும்பத்தினர் என்பதும், சத்துணவு வேண்டாதவர் தாமே விலகிக்கொள்கிறார் என்பதும் அதற்கு விடை. ஒரு சில வசதியானவர்களைத் தடுக்க வேலி போட்டால், அதில் சிக்குவது ஏழைகளே.

ஆனால் இம்முறைக்கும் எல்லை உண்டு. தகுதி பள்ளி வாசலில் பிறப்பதால், வாசலுக்கு வராத பிள்ளைக்கு உணவில்லை. 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது இது வெளிப்பட்டது. சமைத்த உணவு நின்றது; அதற்கு ஈடாகப் பதிவேட்டில் இருந்த பயனாளிகளுக்கு அரிசியும் பருப்பும் உலர்பொருளாக வழங்கப்பட்டன. அப்போது பட்டியல் மீண்டும் முக்கியமானது. பெற்றோரோடு வேலைக்கு ஊர் மாறும் பிள்ளைகளும், பத்தாம் வகுப்போடு சத்துணவு முடிந்துவிடுவதால் மேல்நிலை வகுப்பு மாணவர்களும் இன்றும் வெளியே நிற்கிறார்கள். பதினொன்றாம் வகுப்புக்கு வந்ததும் பசி குறைந்துவிடுவதில்லை.

நூறாண்டுகளில் தமிழ்நாடு கற்ற பாடம், ஏழையைத் தேடிக் கண்டுபிடிப்பதை விட, ஏழை வரும் இடத்தில் இலை போட்டு வைப்பது எளிது என்பதாகும். உணவில் கற்ற அந்தப் பாடம், உதவித்தொகை முதலிய மற்ற உதவிகளுக்கும் பரவுவதே இவ்வரலாற்றில் இனி எழுதப்பட வேண்டிய பகுதி.