சோனோகெலிங்கில் சங்கிலி இல்லை

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இந்தியரைச் சுட்டும் ‘கெலிங்’ என்ற வசைக்கு விளக்கம் கேட்டால், பால்மரம் வெட்டிய பெரியவர் முதல் பட்டம் வாங்கிய பேரன் வரை ஒரே கதைதான்: கைதிகளின் கால்சங்கிலி ‘கிலிங் கிலிங்’ என்று ஒலித்ததாம். போர்த்துகீசியரான தோமே பிரெஸ் மலாக்காவில் இருந்துகொண்டு எழுதியது 1512க்கும் 1515க்கும் இடையில். அதிலேயே ‘கெலின்’ வணிகர் வருகிறார்கள், செல்வர்களாக. ஆங்கிலேயர் இந்தியக் கைதிகளைப் பினாங்குக்கு அனுப்பியதோ 18ஆம் நூற்றாண்டின் கடைசியில். சங்கிலிக்கு முன்பே சத்தம் கேட்டதா?

கலிங்கமே கெலிங் ஆயிற்று. இதற்கு என் சாட்சி ஒரு கித்தார்.

மார்ட்டின் டி-28 என்னும் பெரிய உடல் கித்தாரைச் சிலியாவ், ரந்தாவ் பிள்ளைகளும் கனவு காண்பார்கள். அந்த வடிவத்துக்கு ‘டிரெட்நாட்’ என்று பெயர். 1906இல் கடலில் இறங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயர் அது. அகன்ற இடை, ஆழ்ந்த கீழ்ச்சுருதி. மேற்பலகை ஸ்புரூஸ், முதுகும் பக்கமும் ரோஸ்வுட், ஊதா கலந்த பழுப்பில் கரிய வரியோடியது. 1969 வரை பிரேசில் மரம், பிறகு இந்திய மரம். அதுதான் நம் ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்வோம். வேல் செய்ததால் ஈட்டி என்பார் கன்னடத்தைத் திறந்து பார்க்கட்டும்: அங்கே ‘பீட்டெ’. தமிழ் வகரம் கன்னடத்தில் பகரமாவது வேர்–பேரு, விரல்–பெரளு அறிந்தவர்க்குத் தெரியும். மலையாளத்தில் ‘வீட்டி’யும் உண்டு. வேலுக்கு இங்கே வேலையில்லை.

இதே மரம் ஜாவாவில் ‘சோனோகெலிங்’. சோனோ, நம் சாலையோர அங்சானாவுக்கு ஜாவாக்காரர் வைத்த பெயர், வேங்கையின் உறவு. கெலிங் என்றால் கறுப்பு என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். கறுப்பென்று சொல்ல ஜாவாக்காரருக்கு ‘இரெங்’ இருக்க, கெலிங் எதற்கு? ‘கெலிங் நாட்டுச் சோனோ’ என்பதே பொருள். நாட்டின் பெயரைப் பொருள் சுமப்பது நமக்குப் புதிதா? சிறுபாணாற்றுப்படையில் வள்ளல் ஆய், ஆலமர் செல்வனான சிவனுக்கு அளித்த ஆடை கலிங்கம்.

புறநானூறு 127இல் சீறியாழின் கோடு களாப்பழக் கறுப்பு. அதையும் ஈட்டி என்று சாதிக்க ஒரு நண்பர் துடிக்கிறார். பாட்டில் மரத்தின் பெயர் இல்லை, விட்டுவிடலாம்.

துணிக்குக் கலிங்கம், மரத்துக்குக் கெலிங். இரண்டும் கப்பலேறிய ஒரே நாட்டுப் பெயர் என்பதில் எனக்கு ஐயமில்லை.