பூட்டிய வீடும் புதிய அடுக்ககமும்: சென்னைத் தென்புறநகரில் காத்திருப்பின் கணக்கு

பழவந்தாங்கல் ரயில் நிலையத்தில் இறங்கி நங்கநல்லூருக்குள் நடப்பவர் ஒரே தெருவில் இரு காட்சிகளைக் காணலாம். ஒரு மனையில் கார் நிறுத்தத் தரைத்தளத்தை விட்டுத் தூண்கள்மேல் எழும் புதிய அடுக்ககம். அடுத்த மனையில் துருவேறிய கேட்டும் வாசலில் முளைத்த எருக்குமாகப் பூட்டிக் கிடக்கும் தனி வீடு. இதற்கு வழக்கமாக இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் கட்டிய வீட்டைப் பார்க்க ஆளில்லை என்பது ஒன்று. பழையது கழிந்து புதியது புகுகிறது, சில ஆண்டுகளில் தெரு தானே சீராகிவிடும் என்பது மற்றொன்று. முதலாவது சிக்கலை மனிதர்களின் குணத்தில் தேடுகிறது. இரண்டாவது அதைக் காலத்திடம் ஒப்படைக்கிறது. பூட்டிய வீடு பெரும்பாலும் இன்னும் கட்டப்படாத அடுக்ககம் என்பதே இக்கட்டுரையின் வாதம். இரண்டையும் உண்டாக்குவது ஒரே நிலக்கணக்கு. அதில் ஆதாயம் காத்திருப்பவருக்கும் செலவு பக்கத்து வீட்டாருக்கும் போய்ச் சேர்கின்றன.

1. மனையின் கணக்கு

நங்கநல்லூரையும் ஆதம்பாக்கத்தையும் உள்ளடக்கிய ஆலந்தூர் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்து 12ஆம் மண்டலமானது. இங்கே ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மனையை எடுத்துக்கொள்வோம். 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் விதிகளில் தளப்பரப்புக் குறியீடு பொதுவாக 1.5. எனவே 3,600 சதுர அடி கட்டலாம். 2019இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் குறியீட்டை 2 ஆக்கியதும் அது 4,800 ஆயிற்று. உரிமையாளர் ஒரு செங்கல்லும் வைக்காமலே 1,200 சதுர அடிக்கான உரிமை மனையில் ஏறிவிட்டது.

‘ஜாயின்ட் வென்ச்சர்’ என்று தெருவில் பேசப்படும் ஏற்பாடு இந்த உரிமையைப் பணமாக்குகிறது. நிலம் உரிமையாளருடையது, கட்டுமானச் செலவு பில்டருடையது. கட்டிய பரப்பும் நிலத்தின் பிரிபடாத பங்கும் பேசியபடி பிரியும். இப்பேரத்தில் நிற்கும் வீட்டுக்கு விலையில்லை. இடிக்கப்போகும் சுவருக்கு வெள்ளையடிப்பது வீண்செலவு. ஆகவே பராமரிப்பு நிற்பது அலட்சியத்தால் மட்டுமன்று, கணக்குப் பார்த்தும்தான். காத்திருப்பதற்கான செலவும் சொற்பமாகவே இருந்தது. பழைய சென்னை மாநகராட்சியில் 1998க்குப் பிறகும் பிற நகர உள்ளாட்சிகளில் 2008க்குப் பிறகும் சொத்து வரி நிலையான உயர்வைக் கண்டது 2022இல்தான். இடையில், 2016இல், விமான நிலையப் பாதையில் மெட்ரோவும் வந்துவிட்டது.

2. கையெழுத்துகளின் கணக்கு

பேரம் இவ்வளவு லாபமானால் எல்லா வீடுகளும் ஏன் உடனே இடிபடவில்லை? நிலத்துக்கு விலை கூடியதே தவிர, அதை விற்பதற்கான கையெழுத்துகள் ஒன்றுகூடவில்லை. தந்தை தம் சம்பாத்தியத்தில் வாங்கிய மனை உயில் இல்லாமல் இறங்கும்போது மனைவி, மகன்கள், மகள்கள் அனைவருக்கும் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி சம பங்கு உண்டு. ஆனால் குடியிருக்கும் வீட்டைப் பொறுத்தவரை, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை மகள் பாகம் கேட்க முடியாது என்றது அதன் 23ஆம் பிரிவு. அப்பிரிவு 2005இல் நீக்கப்பட்டது. மகளின் பங்கு வீட்டைப் பாழாக்கியதாக இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. அண்ணன் அனுபவிக்க, தங்கை வாய்மூடியிருக்க, குடும்பம் கண்டிருந்த போலித் தீர்வு முடிவுக்கு வந்தது. உண்மையான தீர்வுக்கு எளிய வழி அமையவில்லை.

வாரிசுச் சான்றிதழ், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மாற்றம், விடுதலைப் பத்திரம் என ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம். வெளிநாட்டிலிருக்கும் வாரிசு ‘பவர்’ எழுதினால் அங்கே சான்றுறுதி பெற்று, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். ஒருவர் இணங்காவிட்டால் பாகப்பிரிவினை வழக்கு. அதுவரை வாடகைக்கு விடலாமே என்றால், குடிவைத்தவரை எழுப்ப முடியாது என்ற அச்சம் குறுக்கே நிற்கிறது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் 2019 பிப்ரவரியில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தும் அந்த அச்சம் முற்றிலும் போகவில்லை. பூட்டே பாதுகாப்பு என்ற முடிவுக்குக் குடும்பம் வருகிறது.

3. பக்கத்து வீட்டின் கணக்கு

இக்காத்திருப்பின் விலையைச் சுற்றியிருப்போர் கொடுக்கிறார்கள். மூடாத கிணறும் மேல்நிலைத் தொட்டியும் மலேரியாவைப் பரப்பும் நகரக் கொசுவுக்கு உகந்த இடங்கள். இது எல்லோரும் அறிந்தது. புதுக்கட்டடமும் தன் பங்குக்குப் பாழை உண்டாக்குகிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே சாலை போடும்போது தெரு உயர்கிறது. புதிய அடுக்ககம் அந்த உயரத்துக்கும் மேலே தன் தரையை அமைத்து, சுற்றிலும் சிமென்ட் பூசிவிடுகிறது. முன்பு நான்கு பக்கமும் மண்ணில் இறங்கிய மழைநீர் இப்போது பள்ளத்திலிருக்கும் பழைய வீட்டுக் கூடத்தைத் தேடி வருகிறது. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். காகிதத்தில் உள்ள குழியெல்லாம் தண்ணீரை உள்வாங்குவதில்லை. ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்க வசதியுள்ளவர் தூக்குகிறார். இல்லாதவர் வெளியேறுகிறார். இன்னொரு வீட்டுக்குப் பூட்டு விழுகிறது. ஆக, பாழும் புதுமையும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

4. மறுப்புகளும் முடிவும்

ரயிலும் மெட்ரோவும் உள்ள இடத்தில் கூடுதல் வீடுகள் தேவை என்ற வாதம் சரியானது. இக்கட்டுரை அடுக்ககத்தை எதிர்க்கவில்லை. அபராதம் போதும் என்பதை மட்டும் ஏற்க இயலாது. அறிவிப்பாணை ஒட்டப்படுவது பூட்டிய கதவில், பொறுப்பாளி அங்கில்லை. ஓய்வூதியத்தில் வாழும் மூதாட்டியின் பூச்சு உதிர்ந்த வீட்டையும், விலைக்காக மூடிவைத்த வீட்டையும் அபராதம் ஒன்றாகவே பார்க்கும். தேவைப்படுபவை மூன்று. ஆள் குடியிருக்கும் வீட்டை விட்டுவிட்டு, நெடுங்காலம் பூட்டிய வீட்டுக்கும் காலி மனைக்கும் ஆண்டுக்கு ஆண்டு ஏறும் வரி. வாரிசுகளுக்கிடையிலான சமரசத்தையும் பத்திரப்பதிவையும் ஒரே இடத்தில் முடித்துத் தரும் ஏற்பாடு. அடுக்ககத்துக்குப் பணிநிறைவுச் சான்று தருமுன் பக்கத்து மனைக்குத் தண்ணீர் தள்ளப்படுகிறதா என்ற சோதனை.

ஆலந்தூருக்கு இது அந்நியமான சிந்தனையன்று. 1990களின் இறுதியில் இந்நகராட்சி தன் பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்வைப்பு கேட்டபோது மக்கள் கட்டினார்கள். கட்டியவர்களில் பலர் அந்தந்த வீட்டிலேயே குடியிருந்தார்கள். தெருவின் நாற்றம் அவர்கள் மூக்கில் ஏறியது. இன்று மனையின் ஆதாயம் ஓரிடத்திலும் தெருவின் நாற்றம் வேறிடத்திலும் இருக்கின்றன. ஒரு மனையில் எத்தனை சதுர அடி கட்டலாம் என்பதைத் துல்லியமாக வகுக்கும் விதிகள், ஒரு வீடு எத்தனை ஆண்டு பூட்டியிருக்கலாம் என்பதைக் கேட்பதில்லை. கேட்காதவரை, அந்தக் கேட்டைத் தட்டும் ஒரே அரசுப் பிரதிநிதி கொசு மருந்துத் தொழிலாளியாகவே இருப்பார்.